மைப் போத்தலின் வாயைப் பாருங்கள்

லண்டனில் மகனோ மகளோ வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. பார்க்கப் போகும் உம்மாமாரைப் பிள்ளைகள் அரண்மனைக்கும் கடைத்தெருவுக்கும் அழைத்துச் செல்வார்கள். அடுத்த முறை போனால், தேம்ஸ் நதிக் கரையிலும் சற்று நின்று பாருங்கள்.

நகரின் நடுவே தேம்ஸின் நீர்மட்டம் கடலோடு சேர்ந்து ஏறத்தாழ 7 மீற்றர் ஏறி இறங்குகின்றது. நாளுக்கு இரு தடவை நீர் வற்றும்போது சேறும் கல்லுமான கரை வெளியே தெரியும். முன்னோர் எறிந்த பொத்தான், ஊசி, மட்பாண்டத் துண்டு எல்லாம் அங்கே கிடக்கின்றன. அவற்றிடையே, உள்ளங்கைக்குள் அடங்கும் விக்டோரியா மகாராணி காலத்து மைப் போத்தலும் அகப்படுவதுண்டு. ஆனால் நினைத்தவர் எல்லாம் தேடி எடுக்க முடியாது. லண்டன் துறைமுக அதிகாரசபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும். நீர் ஏறும் வேகமும் ஆபத்தானது. ஆகவே நாம் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, போத்தலைப் பழஞ்சாமான் சந்தையில் தேடுவதே நல்லது.

சந்தையில் முதலில் கண்ணைப் பறிப்பது நிறந்தான். மணலில் உள்ள இரும்பினால் இளம் பச்சை வரும். கோபால்ட் சேர்த்தால் கடும் நீலம். மங்கனீசு கலந்த கண்ணாடி நெடுங்காலம் வெயில் பட்டால் இலேசான ஊதாவாகும். இதையறிந்த சிலர், பழங் கண்ணாடியைக் கதிர்வீச்சில் வைத்துக் கடும் ஊதாவாக்கி அதிக விலைக்கு விற்கிறார்கள். எனவே நிறத்தில் மயங்காதீர்கள்.

வாயைப் பாருங்கள். அச்சின் இணைப்புக் கோடு உதட்டின் மேல்வரை ஓடினால் அது பெரும்பாலும் இயந்திரப் போத்தல். மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை உருவாக்கியது 1903இல். அதற்கு முந்திய மலிவுப் போத்தல்களின் வாய் கரடுமுரடாக, ஒடித்துவிட்டாற்போல் இருக்கும். உண்மையில் ஒடித்ததுதான். ஊதுகுழலிலிருந்து முறித்தெடுத்து, வாயை மழுங்கச் செய்யாமலே தக்கையால் அடைத்து விற்றார்கள். அந்த வேலை மிச்சமானதால் மை ஒரு பென்னிக்குக் கிடைத்தது.

அந்த ஒரு பென்னியின் அருமையை எண்ணிப் பாருங்கள். 1840க்கு முன் பிரித்தானியாவில் கடிதக் கட்டணம் தூரத்துக்கேற்ப ஏறும்; பெரும்பாலும் பெறுபவரே செலுத்த வேண்டும். அவ்வாண்டு தொடக்கம், அரை அவுன்ஸ் கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னிக்குப் போனது. வீட்டு வேலைக்கு வந்த ஏழைப் பெண்ணும் ஊரிலிருக்கும் தாய்க்கு எழுத வழி பிறந்தது.

இன்னும் அறிய விரும்பினால் வட லண்டனில் பின்ச்லிக்குப் போங்கள். 1832இல் மைத் தொழிலைத் தொடங்கிய ஹென்றி ஸ்டீபன்ஸின் மகன், தமது மாளிகையையும் தோட்டத்தையும் 1918இல் ஊர் மக்களுக்கே எழுதிவைத்தார். மையின் கதை சொல்லும் சிறு காட்சியகமும் அங்குண்டு. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு போத்தல் வாங்குவதானால், அழகிய நீலத்தை விட்டு, வாய் கரடான அந்த இளம் பச்சையைக் கேளுங்கள். விலையும் குறைவு. ஆனால் விரலால் தடவும்போது கவனம், கீறிவிடும்!