இமயம் செல்லுமுன் எல்லை மலைகளில் ஒரு பயிற்சி



பிழைப்பை நாடிப் பிறவூர்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், இமயமலைப் பயணத்தைப் பற்றிய பேச்சு இக்காலத்தில் மிகுதியாகக் கேட்கிறது. காசிக்கும் பத்ரிக்கும் யாத்திரை சென்று மீண்டவர்களின் பேரப்பிள்ளைகள், வழிகாட்டியுடன் குழுவாகச் சேர்ந்து பனிமலைகளில் நடந்து வர விழைகின்றனர். விருப்பம் போற்றத்தக்கதே. அதற்குரிய ஆயத்தத்தைத் தொடங்கத் தக்க இடம், நம்மில் பலர் பிறந்து வளர்ந்த பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்து மலைகளே ஆகும். அம்மலைகள் கற்பிப்பவை எவை, அவற்றால் கற்பிக்க இயலாதது எது என்பதை இளைஞரும் அவர்தம் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் நிற்க, இடையே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்குத் தாழ்ந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். கோவையிலிருந்து ரயிலேறுவோர் இவ்வழியேதான் கேரளத்தினுள் நுழைகின்றனர். கணவாய்க்குத் தெற்கே மலைத்தொடர் மீண்டும் எழுந்து, இடுக்கி மாவட்டத்தில் தன் பேருருவைக் காட்டுகிறது. மூணாற்றை அடுத்த ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். இமயத்திற்குத் தெற்கே இந்தியாவில் இதனினும் உயர்ந்த சிகரம் வேறில்லை. தேனி மாவட்ட எல்லையை ஒட்டிய மீசப்புலிமலையோ ஏறத்தாழ 2,640 மீட்டர் உயரமுடையது.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாக உழைத்து வருகின்றனர். கொழுந்துச் சுமையுடன் சரிவேறும் பெண்களின் நடையைக் கவனித்தவர்கள் ஒன்றை அறிவர். அவர்கள் விரைவதில்லை, சிற்றடி வைத்து, மூச்சு வாங்காத அளவிலேயே ஏறுகின்றனர். மலைநடையின் முதற்பாடம் அதுவே. பயணத்திற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் வேகநடை பழகுதல் வேண்டும். பின்னர் ஆறேழு கிலோ எடையைத் தோள்பையில் ஏற்றிக்கொண்டு படிகளில் ஏறி இறங்குதல் வேண்டும். முழங்கால்களை வருத்துவது ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே. ஆதலால் இறங்கும் பயிற்சியை விட்டுவிடலாகாது. புதிய பூட்ஸை இமயத்திற்கென்று பெட்டியில் பூட்டி வைக்காமல், அதை அணிந்து பலநாள் நடந்து காலுக்குப் பழக்குதல் அவசியம். கேரள வன வளர்ச்சிக் கழகம் வழிகாட்டியுடன் நடத்தும் மீசப்புலிமலை நடைப்பயணம் இத்தகைய பயிற்சிக்கு மிகவும் ஏற்றது.

இனி, உடற்பயிற்சியினும் முக்கியமான இரண்டு பாடங்கள் உள. அவை துயரத்தின் வாயிலாகக் கிடைத்தவை.

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், பாலக்காட்டை அடுத்த மலம்புழையின் குறும்பாச்சி மலையில் ஏறிய இளைஞர் ஒருவர், கால் வழுக்கிச் செங்குத்தான பாறையின் இடுக்கில் சிக்கிக்கொண்டார். ஊர் தொலைவில் இல்லை. கீழே நின்றவர்கள் அவரைக் கண்ணால் காணவும் முடிந்தது. ஆயினும் உணவும் நீருமின்றி ஏறத்தாழ 45 மணி நேரம் அவர் அங்கேயே இருக்க நேர்ந்தது. ஹெலிகாப்டராலும் அணுக இயலவில்லை. இறுதியில் இராணுவ வீரர்கள் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டனர். சிறிய மலைதானே, வழிகாட்டி எதற்கு என்று எண்ணுவோர்க்கு இந்நிகழ்ச்சியே விடை கூறும்.

மற்றொன்று நெஞ்சை உலுக்குவது. இடுக்கியின் சூரியநெல்லி வழியே சென்றடையும் கொழுக்குமலை, தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவுகளில், 2018 மார்ச் 11 அன்று காய்ந்த புல்லில் பரவிய தீ, மலைநடைக்கு வந்திருந்த குழுவினரைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் நம் பிள்ளைகளைப் போன்றே ஓய்வு நாளில் மலை காணச் சென்றவர்கள். கோடையில் புல்மலைச் சரிவில் தீ, மனிதன் ஓடுவதைவிட விரைந்து மேலேறும். பருவம் அறியாத பயணத்தில் காலின் வலிமை பயன்படுவதில்லை. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மலைநடைக்கென விதிகளை வகுத்தது. 2024இல் 40 வழிகளைத் தேர்ந்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லும் திட்டத்தையும் தொடங்கிற்று.

பருவத்தை மதித்தல், வழிகாட்டியின் சொல்லுக்கு அடங்குதல் ஆகிய இவ்விரண்டையும் நம் மலைகளிலேயே பழகிக்கொள்ளலாம். ஆனால் இமயத்தின் மெலிந்த காற்றை நம் மலைகளில் பழக இயலாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,500 மீட்டருக்கு மேல் தங்கி உறங்குவோரையே மலைநோய் பற்றத் தொடங்குகிறது. ஆனைமுடியின் உச்சியே அந்த எல்லையைச் சற்றுத்தான் கடந்து நிற்கிறது. நாம் இராத் தங்கும் மூணாறோ அதற்கு வெகு கீழே உள்ளது. இமயப் பயணங்கள் பல 3,500 மீட்டரையும் தாண்டிச் செல்கின்றன. 5,500 மீட்டரை எட்டும்போது காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடும்.

தேகபலம் மிக்கவர் இந்நோய்க்குத் தப்பிவிடுவர் என்று கருதுதல் பிழை. மலையை ஓடிக் கடக்கும் வீரரையும் அது பற்றும். உடல் மெல்லப் பழகுவதற்கு நாட்களைத் தருவதே தலையாய காப்பு. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஏறாமல் ஓய்ந்திருத்தல் வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த நெறி. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், உறக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். அவை தோன்றினால் மறைக்காமல் வழிகாட்டியிடம் கூறி, தீரும்வரை மேலே ஏறாதிருத்தல் வேண்டும். அமர்ந்திருக்கையிலும் மூச்சுத் திணறினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சுக் குழறினாலும் இரவென்றும் பாராமல் உடனே கீழிறங்குதலே உயிர் காக்கும் வழி. இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். மலைநோய்த் தடுப்பு மாத்திரையையும் அவர் சொற்படியே உட்கொள்ள வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இடையூறு நேரக்கூடிய இடம் இதுவே. தொலைவில் தொழில் செய்வோர்க்கு விடுமுறை குறைவு. அதில் பாதி ரயிலிலேயே கழிந்துவிடும். ஆதலால் ஓய்வு நாளை நீக்கி, "ஐந்து நாளில் முடித்துத் தருகிறோம்" என்பாரை நாடும் எண்ணம் எழுவது இயல்பு. அவ்விதம் மிச்சப்படும் ஒரு நாளுக்கு உயிரையே விலையாகத் தர நேரலாம். நாட்கள் போதாவிடில் உயரம் குறைந்த வழியைத் தெரிந்துகொள்வதே அறிவுடைமை.

வானிலையும் நம் விடுமுறைக்குக் காத்திராது. 2024 ஜூன் மாதம் உத்தராகண்டத்தின் சகஸ்ரதால் ஏரிக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழு, 4,000 மீட்டருக்கு மேலே பனிப்புயலில் அகப்பட்டது. அவர்களில் 9 பேர் மாண்டனர். சென்றவர்களுள் பெரும்பாலோர் நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தவர். ஜூன் மாதம் நமக்குத்தான் கோடையின் முடிவு; அவ்வுயரத்தில் எம்மாதத்திலும் பனி பொழியலாம். எனவே நல்ல கம்பளியும் மழைக்கோட்டும் மாற்றுக் காலுறைகளும் டார்ச் விளக்கும் எப்போதும் தம் தோள்பையிலேயே இருத்தல் வேண்டும்.

முன்பணம் செலுத்துமுன் ஏற்பாட்டாளரைச் சில கேள்விகள் கேட்டறிதல் நன்று. வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை பேர்? பிராணவாயு உருளை உடன் வருமா? நோயுற்றவரைக் கீழே இறக்க ஆளும் வழியும் உண்டா? திரும்புவதை முடிவு செய்பவர் யார்? இவற்றிற்கு நேரான விடை கிடைக்காவிடில் வேறிடம் பார்த்துக்கொள்க. முறையாகக் கற்க விரும்புவோர்க்கு, 1954இல் டார்ஜீலிங்கிலும் 1965இல் உத்தரகாசியிலும் நிறுவப்பெற்ற மலையேற்றப் பயிற்சிக் கழகங்கள் உள்ளன.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை வழியனுப்பும்போது, "வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்பிவிடு, யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டோம்" என்று வாய்விட்டுக் கூறுங்கள். செலவழித்த பணத்தையும் நண்பர் ஏளனத்தையும் எண்ணியே பலர் தலைவலியை மறைத்து மேலே நடக்கின்றனர். வீட்டார் முன்கூட்டியே அளித்த அந்த ஒரு சொல், தக்க வேளையில் அவர்களைக் கீழே இறங்கச் செய்யும்.