பெயரற்ற வளையங்கள்

மின்மாற்றிகளுக்கெல்லாம் மூதாதையான வளையத்தைச் சுற்றியவர், புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பயின்றவர். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார் என்பது இலக்கிய வாசகர்களுக்கு உவப்பான செய்தியாக இருக்கும். 1831 ஆகஸ்ட் 29 அன்று, ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையமொன்றின் இரு பக்கங்களிலும் செப்புக் கம்பியைச் சுற்றி, இடையிடையே நூலும் துணியும் இட்டு, ஒரு பக்கத்தை மின்கலத்தோடு இணைத்தார். மறுபக்கத்தோடு தொடர்புற்றிருந்த காந்த ஊசி ஒரு கணம் அசைந்து நின்றது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. அவ்வளையம் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

அதன் எளிய வழித்தோன்றல்கள் சென்னை ரிச்சி தெருவில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. வாசிப்பும் சால்டரிங்கும் ஒருங்கே பற்றிக்கொண்ட நண்பர்கள் சிலர் நாங்கள். பழைய கணினிகளின் பழுதான எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளைச் சில்லறை விலைக்கு வாங்கி வந்து பிரிப்பது எங்கள் விடுமுறை நாள் வழக்கம். 230 வோல்ட் மின்சாரம் அப்பெட்டிக்குள் நேர்மின்னாக்கப்படும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது; இணைப்பை எடுத்த பின்னரும் பெரிய மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். ஆகவே அவற்றை மின்தடை வழியே வடித்து, மீட்டரில் சரிபார்த்த பின்னரே உள்ளே கை வைப்போம்.

உள்ளே இருப்பவை பெரும்பாலும் இரு வகை. ஒரு முகம் வெண்மையாகவும் மற்றவை மஞ்சளாகவும் வண்ணம் பூசப்பட்ட இரும்புத்தூள் வளையம் ஒன்று. மின்சாரம் நுழையும் வாயிலில், இரு தனித்தனிச் சுருள்களோடு நிற்கும் ஃபெர்ரைட் வளையம் மற்றொன்று. எதிலும் பெயரில்லை, எண்ணில்லை. வண்ணமும் ஒரு குறிப்பே தவிர உத்தரவாதம் அன்று. வேறொருவர் அதே வண்ணத்தில் வேறொரு கலவையை விற்பதை யார் தடுக்க முடியும்?

எனவே, நூலட்டை கிழிந்த புத்தகத்தைப் படித்தே அடையாளம் காண்பதுபோல, வளையத்தையும் அளந்தே அறிய வேண்டியிருக்கிறது. பழைய கம்பியை அவிழ்த்துவிட்டு, எனாமல் கம்பியால் சரியாகப் பத்துச் சுற்றுகள் சுற்றுகிறோம். கம்பி வளையத்தின் துளை வழியே ஒருமுறை கடந்தால் ஒரு சுற்று. மின்தூண்டல் எண் சுற்றுகளின் வர்க்கத்திற்கேற்ப உயர்வது. ஆகவே கிடைக்கும் அளவை நூறால் வகுத்தால் அவ்வளையத்தின் இயல்பு வெளிப்பட்டுவிடும். பத்துச் சுற்றுக்கு 9 மைக்ரோ ஹென்றி எனில், ஒரு சுற்றின் வர்க்கத்துக்கு 90 நானோ ஹென்றி. 100 மைக்ரோ ஹென்றி வேண்டுவோர் 33 சுற்றுகள் சுற்றினால் போதும்.

அளவு தெரிந்துவிட்டால் எங்கும் பொருத்திவிடலாம் என்பதில்லை. மஞ்சள்-வெள்ளை வளையம் கனத்த நேர்மின்னோட்டத்தைத் தாங்கி, மின்னழுத்த மாற்றிகளின் அலைவை நயமாகச் சமன்செய்யும். சிற்றலை வானொலியின் இசைவுச் சுருளாக்கினாலோ ஆற்றலை வெப்பமாக விழுங்கிவிடும். பல்லாண்டுகள் சூட்டில் வெந்தவற்றில் தூளைப் பிணைக்கும் பசை சிதைந்திருக்கும் என்பதால், கருகிய வளையங்களை ஒதுக்கிவிடுகிறோம். வாயில் வளையமான ஃபெர்ரைட்டின் கதை நேரெதிர். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் அதனுள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான் அது அமைதியாக இருக்கிறது. ஒற்றைச் சுருளாக்கி நேர்மின்னோட்டத்தைச் செலுத்தினால் விரைவிலேயே தெவிட்டிப்போய், வெறும் கம்பியைப்போல் நடந்துகொள்ளும்.

ஆயினும் அந்த ஃபெர்ரைட்டுக்கு இனிய பணியொன்று உண்டு. 1999இல் ஓர் ஆங்கில மின்னணு இதழில் வெளியாகி, பின்னர் 'ஜூல் திருடன்' என்ற பெயரால் புகழ்பெற்ற மின்சுற்று அது. இரட்டைக் கம்பியால் இருபது சுற்றுகள், ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர், ஓர் ஆயிரம் ஓம் மின்தடை, ஒரு வெள்ளை எல்.இ.டி.; அவ்வளவே. ஏறத்தாழ மூன்று வோல்ட் கேட்கும் விளக்கு, கடிகாரமே கைவிட்ட ஒன்றரை வோல்ட் மின்கலத்தில் ஒளிர்கிறது. மின்கலம் 0.6 வோல்ட்டை நெருங்கும் வரை, மங்கியபடியேனும் எரிகிறது.

புதிய மின்தூண்டிகளே மலிவாகக் கிடைக்கையில் இத்தனை பாடு எதற்கு என்று கேட்போர் உண்டு. அதற்கு எங்களிடம் இருந்த விடைகளைக் காட்டிலும் கூர்மையான ஒன்றைத் தற்செயலாகச் சொன்னவர், நாங்கள் வாடிக்கையாகச் செல்லும் பழைய இரும்புக் கடைக்காரர். "காசு செம்புக்குத்தான் சார், கல்லுக்கு யாரு குடுப்பா?" என்றார். வளையம் அவருக்குக் கல். செம்பை உரிக்க எளிய வழி தீயிடுவது. கம்பியின் பூச்சு புகையாகிறது, அப்புகையை எரிப்பவரே முதலில் சுவாசிக்கிறார், கல் சாம்பலில் எஞ்சுகிறது. நாங்கள் மீட்கும் கைப்பிடியளவு வளையங்களால் அப்புகை குறைந்துவிடப்போவதில்லை என்பதை அறிவோம். ஆனால், கல் என்று கழிக்கப்பட்டதற்குள் இன்னதென்று ஓர் எண் இருக்கிறதென அளந்தறிந்தவர்களால், அடுத்த பெட்டியை அத்தனை எளிதில் குப்பை என்று அழைக்க முடிவதில்லை.

இப்போது எங்கள் பிஸ்கட் டப்பாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட வளையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய ஒரு காகிதத் துண்டு; அதில் அளந்த எண், அளந்த நாள். வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம், துண்டை மட்டும் பிய்த்துவிட வேண்டாம்.