பொத்தான் அழைத்த பழைய புத்தகம்



இந்த வாரம் என் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கையிடுகிறேன்.

ஏப்ரல் 1 அன்று புதிய நிதியாண்டு தொடங்கியபோது, பெருங்களத்தூரில் நம் சபையின் காணிக்கைக் கணக்குக்கான எக்செல் புத்தகத்தை நானே ஆயத்தம் செய்தேன். புதிதாக வரையச் சோம்பி, சென்ற ஆண்டுப் புத்தகத்தின் தாள்களைப் புதியதில் நகலெடுத்தேன். ‘பதிவு செய்’ என்னும் பொத்தானும் கூடவே வந்தது.

மூன்று வாரம் கழித்து, கமிட்டிக் கூட்டத்தில் திறந்தபோது பேரேடு வெறுமையாயிருந்தது. “தம்பி, மூன்று வாரக் காணிக்கை எங்கே?” என்று பொருளாளரை எல்லோர் முன்னிலும் கேட்டேன். “பதிவு செய்தேன், ஐயா” என்றார். நான் நம்பவில்லை. அவர் தலைகுனிந்தார்.

அன்றிரவு அந்தப் பொத்தானை வலது கிளிக் செய்து ‘அசைன் மேக்ரோ’வைத் திறந்தேன். மேக்ரோவின் பெயருக்கு முன் பழைய புத்தகத்தின் பெயர் நின்றது! தாளை நகலெடுத்தால் பொத்தான் வரும். மேக்ரோ இருக்கும் மாட்யூல் வராது. ஆகவே பொத்தான் தன் பழைய வீட்டையே அழைத்துக்கொண்டிருந்தது. தணிக்கைக்காகப் பழைய புத்தகமும் திறந்திருந்ததால் எவர் கண்ணிலும் அது படவில்லை. மூன்று வாரத் தொகையும் அங்கே ஒரு ரூபாய் குறையாமல் இருந்தது.

திருத்துவது எளிது. ஆல்ட், எஃப்11 விசைகளை அழுத்தி, மாட்யூலைப் புதிய புத்தகத்துக்கு இழுத்துவிட்டேன். மேக்ரோ தங்கும்படி எக்ஸ்எல்எஸ்எம் கோப்பாகச் சேமித்தேன். பின்பு ‘திஸ் ஒர்க்புக்’ என்பதைத் தெரிந்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் மேக்ரோவை மறுபடி இணைத்தேன். பழையதை மூடிவிட்டு ஒரு பதிவு போட்டுச் சோதித்தேன்.

ஆனால் குனிந்த தலையை நிமிர்த்தும் பொத்தான் எக்செலில் இல்லை. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான காணிக்கையைப் பவுல் தனியே கையாளவில்லை. வேறு சகோதரரையும் அதில் சேர்த்தார் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம் காட்டுகிறது. அந்த ஒழுங்கு பணத்தை மட்டுமல்ல, அதைச் சுமப்பவரின் நற்பெயரையும் காக்கிறது. நானோ இளைஞர் ஒருவரைத் தனியே சுமக்கவிட்டு, தனியே குற்றப்படுத்தினேன்.

அடுத்த கூட்டத்தில், அதே கமிட்டியின் முன்பாக, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது வாரந்தோறும் இருவர் கணக்கைச் சரிபார்க்கிறோம்.

பிரியமானவர்களே, ஒருவரைக் கேள்வி கேட்கும் முன், நாம் அவர் கையில் கொடுத்ததை ஒருமுறை திறந்து பார்ப்போமாக. ஆமென்.