திறவாத வாய்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். பத்து மாதக் குழந்தையை மடியில் கிடத்தி, பாட்டி சாமைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான்கு மாதங்களாக ஆவலோடு உண்ட குழந்தை, மூன்று நாள்களாகத் தாய்ப்பாலை மட்டுமே நாடுகிறதாம். தாயின் கண்களில் அச்சம் தெரிந்தது.

"சாமி, பிடித்துப் புகட்டட்டுமா?" என்றார் பாட்டி.

"பசியோடு விடலாமா? புகட்டுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மறுகணமே குழந்தைக்குப் புரையேறியது. முகம் சிவந்து வீறிட்டது. என் சொல்லின் விளைவைக் கண்டு நடுங்கினேன்.

அவ்வேளை அங்கு வந்த அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையைத் தேற்றி, வீங்கியிருந்த ஈறைக் காட்டினார். பல் முளைக்கையிலும் சளி பிடிக்கையிலும் சில நாள் மறுப்பது இயல்பே. வற்புறுத்தினால் உணவின்மீதே வெறுப்பு வளரும் என்றார்.

"தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த சோற்றைக் கைக்கெட்ட வையுங்கள். முகம் திருப்பினால் விட்டுவிட்டு, பிறகு கொடுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டாலும், சிறுநீர் குறைந்தாலும், சோர்ந்து கிடந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்."

அடுத்த வாரம் அவ்வழியே சென்றபோது, குழந்தை தன் விரல்களாலேயே சோற்றை அளைந்து உண்டுகொண்டிருந்தது.

கொரிந்தியருக்குத் திட உணவன்றிப் பாலையே ஊட்டியதாகப் புனித பவுல் எழுதியதைக் குருமடத்தில் விளக்கவுரைகளோடு பயின்றவன் நான். ஆயினும், உண்பவரின் பருவமறிந்து ஊட்டுபவரே பொறுத்திருக்க வேண்டும் என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றேன். எத்தனை உள்ளங்களில் நான் வலிந்து புகட்டியிருக்கிறேனோ!