மாடிப்படியும் ஜமக்காளமும்

துடியலூரில் நாம் வீடு கட்டிய கதையை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. வீடு கட்டியவர்களுக்கு அது தெரிந்த கதை. கட்டாதவர்களைப் பயமுறுத்துவது தர்மமல்ல. அதன் கடைசி அத்தியாயத்தை மட்டும் சொல்லுகிறோம். மாடி எழும்பியது, மேல்தளம் முடிந்தது, கீழும் மேலும் தரை போட்டாயிற்று. மாடிப்படியண்டை வந்தபோது கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. படி மட்டும் தீரவில்லை. ஆகவே 17 படிகளும் வெறும் சிமெண்டுப் படிகளாகவே இரண்டு வருஷ காலம் நின்றன.

இவ்வருஷம் தை மாதத்தில், படிகளுக்கு ஒரு வழி செய்தே தீருவது என்று வீட்டில் சபை கூடிற்று. மரப் பலகை பதிப்பதா, கம்பளம் ஒட்டுவதா என்பதே கேள்வி. மூத்த பையன் கம்பளக் கட்சி. சினிமாவில் வரும் மாளிகைகளிலெல்லாம் படிக்குக் கம்பளம்தான் இருக்கிறது என்பது அவனுடைய பிரதான வாதம். இல்லத்தரசி மரக் கட்சி. கூட்டுவது யார், துடைப்பது யார் என்பது அவருடைய வாதம். எழுபத்து நான்கு வயதான நம் தாயாரின் அபிப்பிராயத்தையும் சம்பிரதாயத்துக்காகக் கேட்டோம்.

"எதையோ போடுங்க கண்ணு. ஏறி எறங்குனாப் போதும்" என்றார் அவர்.

அன்று பேசப்பட்டவற்றில் அது ஒன்றுதான் விஷயத்தைத் தொட்ட பேச்சு. அன்றைக்கு அது நமக்கு விளங்கவில்லை.

மரத்தின் பெருமை கோயமுத்தூர்ச் சீமைக்காரர்களுக்குப் புதிதல்ல. பழைய ஓட்டு வீடுகளில் மச்சுக்கு ஏற மரப்படிதான் இருந்தது. ஏணி போலச் செங்குத்தானது. ஆயினும் மூன்று தலைமுறை மிதித்தும் தேய்ந்ததேயன்றி உளுத்ததில்லை. தேக்கில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ச் சத்துக் கறையானை அண்ட விடுவதில்லை. நம் ஊரில் 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வனக் காட்சிசாலையில், மரங்களின் மாதிரிகளை வரிசையாகப் பார்த்த நாள் முதல் நமக்குத் தேக்கின்மேல் ஒரு மோகம் உண்டு. ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்ற பெயரே, வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் அம்மலை மொட்டையாகிக் கொண்டிருந்தபோது, அதை மறுபடி தழைக்கச் செய்தவர் ஹ்யூகோ வுட் என்னும் வன அதிகாரி. கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்லுவார்கள். 1933-இல் காலமான அவருடைய சமாதி அந்தத் தேக்கு மரங்களின் நடுவிலேயே இருக்கிறது.

ஆனால் புதுத் தேக்கின் விலையை விசாரித்துவிட்டு வந்த அன்று நமக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பளத்துக்குரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். காலடி ஓசை கேட்காது, பாதத்துக்கு மெத்தென்றிருக்கும், தவறி விழுந்தாலும் அடி சற்றுக் குறைவாகப் படும். குளிர் தேசத்தில் அது அவசியமான பொருள். அந்தக் காலத்து ஆங்கிலேயர் வீடுகளில் படிக்குப் படி பித்தளைக் கம்பி கொடுத்து அதை இறுக்கி வைத்தார்கள். நாமோ வெறுங்காலுடன் வீட்டில் நடக்கிறவர்கள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் காற்று, கொங்கு நாட்டுப் புழுதி அனைத்தையும் வீட்டுக்குள் கொண்டு வந்து போட்டுவிட்டுத்தான் போகும். அந்தப் புழுதி மரத்தின்மேல் விழுந்தால் ஈரத்துணிக்கு வந்துவிடும். கம்பளத்துக்குள் புகுந்தால் அங்கேயே குடித்தனம் நடத்தும். நம் இளைய பெண்ணுக்கோ இழுப்பு வியாதி.

இரு கட்சிகளும் இவ்விதம் வழக்காடிக்கொண்டிருந்தபோது நாம் எழுந்து மூன்றாவது யோசனை ஒன்றைச் சொன்னோம். "எங்கோ ஆலையில் செய்த பிளாஸ்டிக் கம்பளம் எதற்கு? நம் பவானி ஜமக்காளம் இருக்கையில்!"

பவானி ஜமக்காளத்தின் சரித்திரம் சுதேசிச் சரித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீமைத் துணி வந்து குவிந்து தறிகளை நிறுத்தியபோது, பவானியிலிருந்த ஜங்கமர் என்னும் நெசவாளர்கள் மனந்தளராமல் முரட்டு நூலில் பல வர்ணப் பட்டைகளுடன் விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். கலியாணம் முதல் காங்கிரஸ் கூட்டம் வரையில் அது விரியாத சபை தமிழ்நாட்டில் இல்லை. 1985-ஆம் வருஷத்துக் கைத்தறிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கைத்தறிக்கே உரியவை என ஒதுக்கப்பட்ட பண்டங்களில் ஜமக்காளமும் ஒன்று. 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் விசைத்தறிப் போலிகள் அதன் பெயரைச் சொல்லி விற்கின்றன. இதையெல்லாம் வகுப்பில் பாடம் நடத்துவது போல் நடத்தி முடித்தோம். குடும்பம் மௌனமாயிற்று. மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு, பரணிலிருந்த நம் கலியாணத்து ஜமக்காளத்தை நீளவாக்கில் மடித்து, மேலேயிருந்து ஐந்து படிகளுக்குப் பரீட்சார்த்தமாக விரித்தோம். அங்கங்கே ஆணியும் அடித்தோம். பார்வைக்கு வெகு அழகு!

மாசி மாதம் ஒரு பிற்பகல். மொட்டை மாடியில் காய வைத்த மிளகாயை முறத்தில் அள்ளிக்கொண்டு தாயார் இறங்கினார். முதல் படியில் கால் வைத்ததும் விரிப்பு நழுவிற்று. நாம் கூடத்திலிருந்து ஓடிச்சென்றபோது அவர் நான்காம் படியில் உட்கார்ந்திருந்தார். முறம் கீழே கிடந்தது. 17 படிகளிலும் சிவப்பு மிளகாய் சிதறியிருந்தது. ஒரு கை சுவரை இறுகப் பற்றியிருந்தது; மற்றொரு கை நடுங்கிக்கொண்டிருந்தது.

எலும்பு முறியவில்லை. முழங்கால் வீங்கி மூன்று வாரம் படுக்கையில் கழிந்தது, அவ்வளவே. ஆயினும் அந்த மூன்று வாரமும் நமக்குத் தூக்கமில்லை. உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்றும், அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னதை அப்போதுதான் படித்தோம். ஜமக்காளத்தைச் சுருட்டி எறியப் போனபோது தாயார் தடுத்தார்.

"அதைத் திட்டாதே கண்ணு. அது பாட்டுக்குப் பரண்ல இருந்துது. படியில கொண்டாந்து போட்டது நாமதானே?"

'நாம்' என்று தம்மையும் சேர்த்துக்கொண்டார். அந்தத் தாட்சண்யம்தான் சுருக்கென்று தைத்தது.

பங்குனியில் ஒரு காரியமாகப் பவானிக்குப் போக நேர்ந்தது. கூடுதுறையில் ஸ்நானம் செய்துவிட்டு, ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சென்றோம். குழித்தறியில் கால்களை விட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், ஜமக்காளம் படியில் நழுவாமலிருக்க வழியுண்டா என்று கேட்டோம். அவர் நாடாவை நிறுத்திவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாத்தியாருங்க, கோவிச்சுக்காதீங்க. நாலு பேரு ஒண்ணா உக்கார்றதுக்கு நெய்யறதுங்க இது. தரையில விரிச்சா நாலு மூலையும் நிக்கும். படியில எந்த மூலைங்க நிக்கும்?"

ஒரு ஜமக்காளம் விற்றால் அவருக்கு லாபம். ஆனாலும் விற்க மறுத்தார். சுதேசியைப் பற்றி நாம் வீட்டில் நடத்திய பாடத்தைக் காட்டிலும் இந்த ஒரு வாக்கியத்தில் சுதேசி அதிகம் இருந்தது.

திரும்பி வந்ததும் ஆசாரியை அழைத்து வந்தோம். அவர் மரத்தைப் பற்றியும் பேசவில்லை, கம்பளத்தைப் பற்றியும் பேசவில்லை. முழக்கோலை எடுத்து ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்தார். அடிப்படி 6 அங்குலம். நடுவிலுள்ளவை 7 அங்குலம். உச்சிப் படி 8 அங்குலம்! பின்னால் கல்லோ பலகையோ பதிப்பதற்காகக் கொத்தனார் படிகளில் ஓர் அங்குலம் விட்டுக் கட்டியிருக்கிறார். கீழ்த்தரையும் மேல்தரையும் பூர்த்தியாகிவிட்டன. படி மட்டும் பாக்கி. ஆகவே உச்சியில் ஓர் அங்குலம் கூடிற்று. அடியில் ஓர் அங்குலம் குறைந்தது. மனிதனின் கால் இரண்டு படி இறங்கியதும் உயரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறது. கணக்குத் தப்பும் படியில்தான் காலும் தப்புகிறது. இரண்டு வருஷமாகத் தாயார் உச்சிப் படியில் ஒரு கணம் தயங்கி நிற்பதைத் தினமும் பார்த்திருக்கிறோம். முதுமை என்று எண்ணினோம். காரணம் ஓர் அங்குலம் என்று தோன்றவில்லை.

மெல்லிய விரிப்பால் தீராத அந்தக் குறை ஓர் அங்குலப் பலகையால் தீரும் என்றார் ஆசாரி. இடித்த வீடுகளின் பழைய தேக்கு உத்தரங்களை விற்கும் இடத்துக்கு அவரே அழைத்துச் சென்றார். நன்றாக உலர்ந்து முறுகிய மரம்; புதுத் தேக்கைவிட விலையும் குறைவு. அறுத்துப் பதித்ததும் எல்லாப் படிகளும் 7 அங்குலமாயின. பாதம் பதியும் அகலம் 10 அங்குலம். வீட்டு மாடிப்படிக்கு உயரம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்ற தேசியக் கட்டட விதிக்கும் அது பொருந்திற்று. கண்ணாடி போல் மினுக்கும் வார்னிஷ் வேண்டாம், வழுக்கும் என்று எண்ணெய் மட்டும் பூசினோம். மங்கிய கண்ணுக்கும் விளிம்பு தெரியும்படி ஒவ்வொரு படியின் ஓரத்திலும் மஞ்சள் பலாமரக் கீற்று ஒன்று வைத்தோம். சுவரோரம் மூன்றடி உயரத்தில் கைப்பிடியும் போட்டோம்.

வீட்டுக்குப் படி அமைப்பவர்கள் மரமா, கம்பளமா என்று கேட்பதற்கு முன், அந்தப் படியில் ஏறுகிறவர்களில் மிகவும் தளர்ந்தவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதே நாம் கற்ற பாடம். அவருடைய காலைக் கொண்டு அளந்தால் மற்றவர்களுக்குத் தானே சரியாக அமைந்துவிடும்.

சித்திரை முதல் தேதி, கலியாணத்து ஜமக்காளத்தைக் கூடத்தில் நன்றாக விரித்தோம். நாலு மூலையும் நின்றன. தாயார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். உச்சிப் படியில் தயங்கவில்லை. நேரே வந்து ஜமக்காளத்தில் அமர்ந்து, "இப்பத்தான் அது எடத்துக்கு வந்து சேந்துது" என்று அதன் பட்டையைத் தடவிக் கொடுத்தார்.