நட்பும் நிழற்படமும்

நட்பென்னும் சொல்லை நாம் நாள்தோறும் மிக மலிவாக வழங்குகிறோம். ஒரே வண்டியில் உடன் வந்தவனும் நண்பன்; ஒரு நாள் தேநீர் வாங்கிக் கொடுத்தவனும் நண்பன். வள்ளுவர் அவ்வாறு விட்டாரில்லை. நட்புக்கு ஓர் அதிகாரம் வகுத்து, நட்பை ஆராய்வதற்கு மற்றோர் அதிகாரம் வைத்து, அதன்பின் 'பழைமை' என்று தனியே பத்துக் குறள் செய்தார். நெடுநாட் பழகியவன் நம்மைக் கேளாமலே உரிமையோடு ஒன்றைச் செய்துவிட்டால், அதைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்பதே அவ்வதிகாரத்தின் கருத்து. பள்ளியில் அக்குறள்களைப் பிழையின்றி ஒப்பித்தவன் நான். வாழ்க்கையில் அவற்றைக் கற்பதற்கு எனக்கு எட்டாண்டுகள் பிடித்தன. அவ்வரலாற்றை நேயர்களுக்குச் சொல்லக் கருதுகிறேன்.

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டம் எங்கள் ஊர். அவனும் நானும் ஒரே லயத்தில், இடையே ஒரு பலகைச் சுவர் நிற்க, பிறந்து வளர்ந்தவர்கள். 1960இல் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்தோம். 1966இல் பட்டணத்து இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பிலும் ஒன்றாகவே சேர்ந்தோம். அவ்வாண்டுதான் எங்கள் கைக்கு ஒரு காமிரா வந்தது. கடையொன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அவனுடைய தாய்மாமன் கொடுத்த பழைய கோடக் பிரௌனிப் பெட்டி அது. 1900இல் அமெரிக்காவில் ஒரு டாலர் விலையில் தோன்றிய அவ்வினம், எளியோர் கைக்கும் எட்டிய காமிரா. ஒரு பிலிம் சுருளில் எட்டே படங்கள். ஞாயிறுதோறும் ஒட்டுப்பால் பொறுக்கிச் சேர்த்த காசில் வாங்கிய சுருளாதலின், எட்டில் ஒன்று கெட்டாலும் எங்களுக்கு ஒரு வாரம் துக்கம். ஆகவே, விசையைத் தட்டுமுன் நெடுநேரம் உற்றுப் பார்க்கக் கற்றோம். யான் கற்ற கல்விகளுள் அதுவே தலையாயதென்று இன்றும் எண்ணுகிறேன்.

பட்டணத்தில் படக்கடை வைத்திருந்த சீனப் பெரியவர் ஒருவர், சனிக்கிழமைகளில் நாங்கள் கடையைக் கூட்டித் துடைப்பதற்குக் கைம்மாறாக எங்களைத் தமது இருட்டறைக்குள் அனுமதித்தார். நம் நாட்டு வெயிலில் குழாய்நீரும் வெதுவெதுப்பாக இருக்குமன்றோ? அந்நீரில் பிலிமின் மேற்பூச்சு இளகிக் கெடும். அதனால் மருந்துநீர்ப் பாத்திரத்தைப் பனிக்கட்டிகளிடையே வைத்து, வெப்பத்தை 20 பாகைக்கு இறக்கிய பின்னரே அவர் வேலையைத் தொடங்குவார். செவ்விளக்கின் மங்கிய ஒளியில், தட்டிலே மிதக்கும் வெள்ளைத்தாளில் முதலில் ஒரு நிழலும், பின்பு ஒரு முகமும் மெல்ல எழுந்து வரும். அவர் பேசிய மலாயும் அரைகுறை, எங்களுடையதும் அரைகுறை. ஆயினும், இனமும் சாதியும் கேளாமல் தம் தொழிலின் மறைபொருள்களையெல்லாம் எங்களுக்குத் திறந்து காட்டினார் அப்பெரியவர்.

நிற்க. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. 1969ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின் அச்சட்டம் கடுமையாக அமலாயிற்று. இந்நாட்டுக் காட்டை அழித்துத் தோட்டமாக்கிய கைகள், தக்க பத்திரமின்மையால் பிறநாட்டார் கைகளாயின. பல்லாயிரவர் கப்பலேறினர். என் நண்பனின் தந்தையாருக்கும் சீட்டுக் கிடைக்கவில்லை. அவன் இம்மண்ணிலே பிறந்தவன். எனினும், குடும்பம் புறப்பட்டபின் பதினேழு வயதுப் பிள்ளை எவர் வீட்டில் தங்குவான்?

அப்போது எங்களிடம் ஒரு சுருள் எஞ்சியிருந்தது. கோலகங்சாருக்குப் போய், 1877இல் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் எஞ்சி நிற்கும் ஒன்றைப் படமெடுத்துப் பள்ளிக் கண்காட்சியில் வைப்பதென்று ஓராண்டாகத் திட்டமிட்டிருந்தோம். அவன் புறப்படுவதற்கு ஒரு வாரமிருக்கையில், "சுருளை எடு, நாளைக்குப் போவோம்" என்றேன். "அது முடிந்துவிட்டது. லயத்திலே எடுத்துவிட்டேன்" என்றான்.

எனக்கு வந்த சினத்துக்கு அளவில்லை. பாதிக் காசு என்னுடையதல்லவா? என்னை ஒரு வார்த்தை கேட்டானா? "நன்றி கெட்டவனே, நாட்டை விட்டுப் போகிறவனுக்குக் கண்காட்சி எதற்கு என்றுதானே செய்தாய்?" என்றேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. 1970இல் பினாங்கிலிருந்து ரஜூலாக் கப்பல் ஏறுவதற்காக அவர்கள் ரயிலடிக்குப் போன அன்று, நான் வழியனுப்பச் செல்லவில்லை. என் தாயார் சென்றார். திரும்பி வந்து, அவன் கொடுத்ததாக ஒரு பிஸ்கட் டின்னைத் தந்தார். அதைப் பரண்மேல் எறிந்தேன். அவனிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுக்கும் பதில் எழுதவில்லை.

1978இல் என் தாயார் காலமானார். வீட்டில் வைப்பதற்கு ஒரு படம் தேடினோம், இல்லை. அடையாளக் கார்டிலிருந்த கட்டைவிரலளவுப் படம் ஒன்றே அவருக்கு வாய்த்திருந்தது. அன்றிரவுதான் அந்த டின் என் நினைவுக்கு வந்தது. இறக்கித் திறந்தேன். ஈரம் அணுகாதிருக்க உள்ளே வறுத்த அரிசி இட்டு, அதன்மேல் காகிதத்தில் சுற்றிய எட்டு நெகட்டிவ்களை வைத்திருந்தான். ஓரங்களில் பூஞ்சை படர்ந்திருந்ததே தவிர நடுப்பகுதி பழுதின்றி இருந்தது. சுற்றிய காகிதத்தில் எண்ணிட்டு, எட்டுப் படங்களிலும் உள்ளவர்களின் பெயர்களை எழுதியிருந்தான். ஐந்தாம் எண்ணுக்கு நேரே என் தாயார் பெயர் இருந்தது.

மறுநாளே பட்டணத்துக்கு ஓடினேன். முதுமையால் கை நடுங்கிய அதே சீனப் பெரியவர் அதே செவ்விளக்கை ஏற்றினார். தட்டிலே என் தாயார் எழுந்து வந்தார். தோளில் தடி, இருபுறமும் பால்வாளி, தலையில் முண்டாசு, எதையோ சொல்லிச் சிரிக்கத் தொடங்கிய வாய். மரத்தைப் படமெடுக்க நான் ஓராண்டு திட்டமிட்டேன். அம்மரத்தை வெட்டிப் பாலெடுத்தவர்களை அவன் ஒரே நாளில் எடுத்து முடித்திருந்தான்.

அன்றிரவே கடிதம் எழுதினேன். நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து ஒரு மாதத்தில் பதில் வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "மற்ற ஏழும் தெளிவாக வந்தனவா?" என்று மட்டும் கேட்டிருந்தான். 1992இல் நேரில் சென்று எட்டையும் அவன் கையில் கொடுத்தேன். அதுமுதல் எங்கள் கடிதப் போக்குவரத்து நின்றதில்லை. இன்று இருவரும் எழுபதைக் கடந்துவிட்டோம். இப்போது அவன் கைப்பேசியில் எடுத்த படங்கள் நொடியில் வந்து சேர்கின்றன. படத்தோடு பெயரும் வருகிறது. அவ்வழக்கத்தை மட்டும் அவன் விடவில்லை.

எங்கள் தோட்டம் இன்று இல்லை, வீட்டுமனைகளாகிவிட்டது. வெள்ளைக்காரர் காலத்துப் படங்களில் நம்மவர் வரிசையாக நிற்பர். அடியில் 'தமிழ்க் கூலிகள்' என்று மட்டும் இருக்கும். துரைக்குப் பெயர் உண்டு, அவருடைய நாய்க்கும் சில வேளைகளில் பெயர் உண்டு. நம் பாட்டனுக்கு இல்லை. அப்பழியைப் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் எட்டுப் படங்களாலும் ஒரு பென்சிலாலும் தன்னால் இயன்ற அளவு துடைத்தான்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய படங்கள் கிடக்கும். பெயர் சொல்லக்கூடிய பெரியவர் உயிரோடிருக்கையிலேயே அவற்றின் பின்புறத்தில் பெயரெழுதி வையுங்கள். எங்கோ ஒரு பழைய நண்பன் உங்கள் பதிலுக்குக் காத்திருப்பானாயின், எட்டாண்டு கடத்தாமல் இன்றே எழுதுங்கள்.