பதினைந்து கிராமுக்குள்ளே...

சாயங்காலம் ஆனால் நம்ம ஹாஸ்டலில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று மெஸ் தட்டு, இன்னொன்று கேரம் காய். அந்தக் காயை அடிக்கிற ஸ்ட்ரைக்கர் எத்தனை கிராம் இருக்கணும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "இதுல எழுத என்னடா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இருக்கிறது!

1875-ல் ஜபல்பூரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் தொடங்கிய ஸ்னூக்கருக்கு, பிறகு விதிகளை எழுதி மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில்தான். பெருமையான சங்கதி. ஆனால் மரக்காணம் உப்பளக் கரையில் பிறந்த எனக்கு அந்தப் பச்சை மேசையெல்லாம் டி.வி.யில் பார்த்ததோடு சரி. பூல் ஆடுகிறவர்கள் 18 அவுன்ஸ் கியூ நல்லதா, 21 அவுன்ஸ் நல்லதா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்களாம். கேரமில் கியூவும் ஸ்ட்ரைக்கர்தான், பந்தும் ஸ்ட்ரைக்கர்தான். அதனால் நமக்குக் கவலை இரண்டு மடங்கு.

விதி என்ன சொல்கிறது? ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. காய் 5 முதல் 5.5 கிராம். உடனே நம்ம பசங்க, "அப்ப 15 கிராமே வாங்கிடு மச்சி, வெயிட்டா அடிக்கலாம்" என்பார்கள். அங்கேதான் விஷயம்!

முதலாண்டில் படித்த மோதல் கணக்கை ஞாபகப்படுத்துங்கள். 5 கிராம் காயை 15 கிராம் ஸ்ட்ரைக்கர் நேராக அடித்தால், காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். ஸ்ட்ரைக்கரும் பாதி வேகத்தோடு பின்னாலேயே போகும். பாக்கெட்டுக்கு நேராக இருந்தால் அதுவும் உள்ளே... மைனஸ்! 10 கிராம் ஸ்ட்ரைக்கர் என்றால் காயின் வேகம் 1.33 மடங்கு, ஸ்ட்ரைக்கரிடம் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குதான். எடையை ஐந்து கிராம் ஏற்றியும் காய்க்குக் கிடைத்த லாபம் எட்டில் ஒரு பங்கு. அதுவும் கனமான ஸ்ட்ரைக்கரை உங்கள் விரல் அதே வேகத்தில் தள்ளினால்தான்!

இதைக் கணக்கு போடாமலே தெரிந்து வைத்திருந்தார் எங்கள் தெரு அண்ணன் ஒருவர். உப்பளத் தொழிலாளி. எங்கள் பக்கம் ஐப்பசி மழை இறங்கினால் பாத்தியெல்லாம் வெள்ளம். தை வரைக்கும் வேலை கிடையாது. அந்த மாதங்களில்தான் கேரம் போர்டு திண்ணைக்கு வரும். வருஷம் பூரா உப்புத் தண்ணீரில் கிடந்த கை அது. ஆள்காட்டி விரல் நுனி வெடித்திருக்கும். கனமான ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் உயிர் போகும். அதனால் அவர் எப்போதும் லேசான ஸ்ட்ரைக்கர்தான். "என்னண்ணே, சட்டை பட்டனை வச்சு ஆடுறீங்களா?" என்று கிண்டல் செய்வோம். "கை என்னுதுடா தம்பி, அதுக்கு ஏத்ததுதான் எடுக்கணும்" என்பார்.

ஒரு மார்கழியில் தெருப் போட்டி. முதல் பரிசு 25 கிலோ அரிசி. வேலையில்லாத மாதத்தில் அது சும்மா பரிசு இல்லை. வீட்டு அடுப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஃபைனலில் எதிராளி பளபளக்கும் கனத்த ஸ்ட்ரைக்கரோடு வந்தார். அடி ஒவ்வொன்றும் இடி! ஆனால் இரண்டு முறை காயோடு ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் போனது. அண்ணன் அவசரப்படவில்லை. மெல்லத் தட்டி ரெட்டை எடுத்தார், ஃபாலோவும் போட்டார். அரிசி மூட்டை அவர் வீட்டுக்குப் போனது.

அதற்காக எல்லாரும் லேசானதையே வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. கடற்காற்றில் பலகை ஈரம் இழுக்கும், பவுடர் கட்டிக்கொள்ளும், காய் நகராது. அப்போது கொஞ்சம் கனம் கை கொடுக்கும். போர்டுக்கு மேலே குண்டு பல்பு தொங்கினால் பலகை காய்ந்து வழுக்கும். அங்கே லேசானதே போதும். ஸ்ட்ரைக்கர் வாங்கும் முன் ஃபிசிக்ஸ் லேப் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு எடையில் பத்துப் பத்து ஷாட் அடியுங்கள். எத்தனை காய் விழுந்தது என்பதோடு, ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நின்றது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். விடை அதிலேயே இருக்கும்.

அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம், 2008-ல் உலக சாம்பியன் ஆன வியாசர்பாடி இளவழகி, 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற ஆட்டோ டிரைவர் மகள் காசிமா... மூவரும் சென்னைக்காரர்கள். அவர்களுக்கும் அதே 15 கிராம்தான் எல்லை, நமக்கும் அதேதான். பங்களாவில் ஆடினாலும் திண்ணையில் ஆடினாலும் விதி ஒன்று. அந்த எல்லைக்குள் எது நம் கைக்குப் பொருந்தும் என்பதை மட்டும் கடைக்காரரோ பக்கத்து ரூம்காரனோ சொல்ல முடியாது. நம் விரலைத்தான் கேட்கணும்.

சரி நண்பர்களே, போர்டு காலியாகிவிட்டது. யார் முதல் பிரேக்?

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை